மலைக்குப் போற டீமை ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா? மெத்தட் எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தருமபுரி, கிருஷ்ணகிரி காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு ‘ட்ரெக்கிங்ல டீம்வொர்க்’னு தலைப்பு எடுத்தா எனக்கு சந்தோஷம்தான், ஏன்னா நம்மளைச் சுத்தி மேலகிரி, வத்தல்மலை, சித்தேரி, ராயக்கோட்டை, ஒகேனக்கல்னு இடத்துக்குப் பஞ்சமே இல்ல, பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல ஃபீல்டு. ஆனா முக்காவாசிப் பேர் தலைப்பு ஓகே ஆன அன்னிக்கு ராத்திரியே கூகுள் ஃபார்ம்ல இருவத்தஞ்சு கேள்வி போட்டு ‘முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்’ல ஆரம்பிச்சு அஞ்சு ஆப்ஷன் வச்சு லிங்க் ரெடி பண்ணிடறாங்க. மெத்தட் என்னன்னு கேட்டா ‘சர்வே சார்’னு பதில் வரும். ஏன் சர்வேன்னு கேட்டா சத்தமே வராது.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். மெத்தட்டை முதல்ல எடுக்காதீங்க, நேரத்தை எடுங்க. நீங்க பாக்கப் போற அந்தப் பயணத்துல டீம்வொர்க் எந்த நேரத்துல வெளிய தெரியும்? ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு எட்டு பேர் ஏறறாங்கன்னு வைங்க, சும்மா நடந்துட்டு இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, கதை பேசிக்கிட்டு செல்ஃபி எடுத்துக்கிட்டு போவாங்க. ஒருத்தன் மூச்சு வாங்கி உக்காந்தா, தண்ணி பாட்டில் குறைஞ்சா, வழி ரெண்டா பிரிஞ்சா, மழை வர்ற மாதிரி இருக்கு திரும்பிடலாமான்னு ஒருத்தர் ஆரம்பிச்சா, அப்பதான் யார் முடிவெடுக்கறா, யார் பேச்சு எடுபடுது, யார் பையை யார் வாங்கித் தூக்கறாங்கன்னு தெரியும். அந்த மாதிரி நாலஞ்சு இடத்தைப் பேப்பர்ல எழுதிட்டு, அதுல உங்க கேள்வி எதுன்னு முடிவு பண்ணுங்க. அதுக்கப்புறம் மெத்தட் தேடறது பெரிய வேலையே இல்ல.

கேள்வி ‘யார் என்ன செஞ்சாங்க’ன்னா கூட இருந்து பாக்கணும். ‘ஏன் அப்படி செஞ்சீங்க’ன்னா பேட்டி. ‘போறதுக்கு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் என்ன மாறுச்சு’ன்னா ஒரே அளவுகோலை பல தடவை வைக்கணும். ‘யாரோட யார் ஒட்டறாங்க’ன்னா உறவு வரைபடம். ‘பொதுவா எந்த மாதிரி டீம் ஜெயிக்குது’ன்னா ஏற்கனவே இருக்கற பதிவுகளை நோண்டணும்.

டீம்னா யாரு யாரு?

இதை யோசிக்காம கிளம்பறவங்கதான் ஜாஸ்தி. மேலகிரி பக்கம் போனீங்கன்னா கூட ஃபாரெஸ்ட் வாட்சரோ லோக்கல் கைடோ வருவாங்க. யானைத் தடம் பாத்து ‘இந்தப் பக்கம் வேணாம்’னு சொல்றது அவர்தான், எங்க நிக்கணும் எப்ப கிளம்பணும்னு முடிவு பண்றதும் அவர்தான். ஆனா ரிப்போர்ட்டைப் பாத்தா ‘குழு உறுப்பினர்கள் 8 மாணவர்கள்’னு இருக்கும், அந்த அண்ணன் எங்கயுமே இருக்க மாட்டார். ஒகேனக்கல்லயும் இதே கதைதான், பரிசல்ல உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் ஃபார்ம் குடுப்பாங்க, துடுப்பு யார் கையில இருக்கோ அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. முடிவெடுக்கறவரை விட்டுட்டு முடிவெடுக்கறதைப் பத்தி ஆராய்ச்சி பண்ண முடியாதுங்க. அவருக்கு ஃபார்ம் செட் ஆகாதுன்னா உக்காந்து பேசுங்க, மெத்தட் மாறலாம், ஆள் விடுபடக் கூடாது.

கூட நடந்து பாக்கறது

என் கணக்குல இந்தத் தலைப்புக்கு முதுகெலும்பு இதுதான். ஆனா ‘பார்த்தேன்’னு மட்டும் எழுதினா எந்த ப்ராஜெக்ட் கைடும் ஒத்துக்க மாட்டாங்க, பாத்ததை அப்பப்ப நேரம் போட்டு எழுதி வச்சிருக்கணும். உதாரணத்துக்கு ஒரு ஷீட் இப்படி இருக்கலாம்:

10:42 – வழி ரெண்டா பிரியுது. லீடர் இடது பக்கம் கை காட்டறான்.
10:43 – பின்னாடி வர்ற பொண்ணு ‘வாட்சர் அண்ணனைக் கேக்கலாமே’ங்கறா. யாரும் பதில் சொல்லல.
10:45 – அதையே இன்னொரு பையன் சொல்றான். லீடர் நிக்கறான், வாட்சரைக் கூப்புடறான்.

மூணே வரி. ஆனா சாயங்காலம் அந்தப் பொண்ணுகிட்ட ‘என் கருத்தை டீம் மதிக்கிறது’ன்னு ஒரு கேள்வி குடுத்தா அவ 4 போட்டுட்டுப் போயிடுவா, ஏன்னா கடைசில வாட்சரைக் கேட்டாங்கல்ல. யார் சொன்னப்ப கேட்டாங்கங்கறது அந்த 4-ல இல்ல, 10:43-க்கும் 10:45-க்கும் நடுவுல இருக்கு.

என்னென்ன குறிக்கணும்னு முன்னாடியே வகை பிரிச்சுக்கங்க. ராபர்ட் பேல்ஸ் 1950-ல குழுப் பேச்சை 12 வகையா பிரிக்கற முறை ஒண்ணு குடுத்தார், பழசா இருந்தாலும் இன்னிக்கும் படிக்க வேண்டியது, ஆனா அது ரூம்ல உக்காந்து பேசற குழுவைப் பாத்து செஞ்சது. கல்லு மேல கால் வச்சு ஏறிக்கிட்டே 12 வகை குறிக்க முடியாது, மூணு நாலோட நிறுத்திக்கங்க: ஐடியா சொன்னது, அதுக்குப் பதில் வந்துச்சா இல்லையா, கைகுடுத்தது, வேலையைத் தட்டிக் கழிச்சது. போதும்.

முடிஞ்சா ரெண்டு பேர் தனித்தனியா குறிங்க, அப்புறம் ஒத்துப் பாருங்க. இங்க ஒரு குழி இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கட்டம்னு 200 கட்டம் வச்சு ‘உதவி நடந்துச்சா’ன்னு ரெண்டு பேரும் குறிக்கறீங்க, 165 கட்டத்துல ரெண்டு பேருமே ‘இல்ல’, 5-ல ரெண்டு பேருமே ‘ஆமா’, மிச்சம் 30-ல ஆளுக்கொண்ணு (15-ல நீங்க மட்டும் ‘ஆமா’, 15-ல அவர் மட்டும் ‘ஆமா’). 170/200, அதாவது 85 சதவீதம் ஒத்துப் போகுதுன்னு கொண்டாடுவீங்க. ஆனா உதவிங்கறதே அபூர்வமா நடக்கறதால கண்ணை மூடிக்கிட்டு குறிச்சாலும் 82 சதவீதம் ஒத்துப் போயிருக்கும். அதைக் கழிச்சுட்டு கணக்குப் போடறதுதான் கோஹன் 1960-ல குடுத்த கப்பா, இந்தக் கணக்குக்கு அது வெறும் 0.17. அப்படி வந்தா டேட்டாவைத் தூக்கிப் போட வேணாம், ‘உதவி’ன்னா என்னன்னு உங்க ரெண்டு பேருக்கும் விளக்கம் வேற வேறயா இருக்குன்னு அர்த்தம், உக்காந்து பேசி விளக்கத்தைத் திருத்திட்டு மறுபடி குறிங்க.

நீங்க பாக்கறீங்கன்னு தெரிஞ்சா நடிப்பாங்களேன்னு கேப்பாங்க. முதல் ஒரு மணி நேரம் நடிப்பாங்க, ஏத்தம் ஆரம்பிச்சு வேர்த்துக் கொட்டினா யாருக்கும் நடிக்கத் தெம்பு இருக்காது. அதுக்காக சொல்லாம ஒளிஞ்சு பாக்கறது கூடவே கூடாது. 1954-ல அமெரிக்காவுல ஓக்லஹோமாவுல முசாஃபர் ஷெரிஃப் 22 சின்னப் பசங்களை கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போய், ஆராய்ச்சியாளர்களே கேம்ப் ஸ்டாஃப் மாதிரி நின்னு, ரெண்டு குழுவை மோத விட்டுப் பாத்தார். பாடப் புத்தகத்துல எல்லாம் இருக்கு, ஆனா இன்னிக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அதை அப்படியே விடாது.

கேள்வித்தாள் வேணாம்னு சொல்லல

ஆனா தலை எண்ணிக்கைல ஏமாறாதீங்க. அஞ்சு டீம், டீமுக்கு எட்டு பேர், மொத்தம் 40 பேர்னு எழுதுவீங்க. கேள்வி டீமைப் பத்தினதுன்னா உங்க சாம்பிள் 40 இல்ல, 5. தனி ஆளைப் பத்தின கேள்வியா இருந்தாலும் முழுசா 40 கிடைக்காது, ஏன்னா ஒரே டீம்ல இருக்கறவங்க ஒரே மழையில நனைஞ்சு ஒரே லீடர்கிட்ட திட்டு வாங்கினவங்க, பதிலும் ஒண்ணு போல சாயும். அந்தச் சாய்வை அளக்கறதுக்கு ஐசிசின்னு ஒரு எண் இருக்கு. அது 0.2-ன்னு வந்தா கணக்கு இப்படி: 1 கூட்டல் 7 (டீம்ல எட்டு பேர், அதுல ஒண்ணு கழிச்சது) பெருக்கல் 0.2, அதாவது 2.4. 40-ஐ 2.4-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 17. நாப்பது பேர்கிட்ட வாங்கின டேட்டாவுக்கு பதினேழு பேர் பலம்தான். ஏமி எட்மண்ட்சன் 1999-ல டீமுக்குள்ள பயமில்லாம வாய் திறக்க முடியுதாங்கறதை 7 கேள்வில அளந்தாங்க, நல்ல கேள்விங்க, தமிழ்ல மாத்திப் பயன்படுத்தலாம், ஆனா அவங்ககிட்ட ஒரு கம்பெனியோட 51 டீம் இருந்துச்சு. அஞ்சு டீமை வச்சுக்கிட்டு அவங்க போட்ட புள்ளியியலை நீங்க போட்டா அது சும்மா ஷோதான்.

இன்னொண்ணு, சராசரி. ஒரு டீம்ல எட்டு பேரும் 4 போட்டாங்க, இன்னொரு டீம்ல நாலு பேர் 5, நாலு பேர் 3. ரெண்டுக்கும் சராசரி 4. முதல் டீம் ஒத்துமையா இருக்கு, ரெண்டாவது டீம் பாதியா உடைஞ்சு நிக்குது. சராசரி போடறதுக்கு முன்னாடி டீமுக்குள்ள பதில் எவ்வளவு சிதறுதுன்னு பாருங்க, நிறைய தடவை அந்தச் சிதறல்தான் உங்க ஆராய்ச்சியோட முடிவே.

அப்புறம் மொழி. தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கத்து டீம்னா வீட்டுல தெலுங்கு, கன்னடம் பேசறவங்க கண்டிப்பா இருப்பாங்க, தமிழ் நல்லாப் பேசுவாங்க ஆனா ஃபார்ம் தமிழ்ல படிக்க சிரமப்படலாம். இங்கிலீஷ் அளவுகோலைத் தமிழ்ல மாத்தினா, மாத்தினதை இன்னொருத்தர்கிட்ட குடுத்துத் திரும்ப இங்கிலீஷ்ல போடச் சொல்லி மூலத்தோட ஒப்பிடுங்க. கூட, மலையில பதட்டமான நேரத்துல ஆளுக்காள் தாய்மொழிக்குத் தாவிடுவாங்க, ஆடியோ ரெக்கார்ட் பண்றதா இருந்தா கூட்டாளி ஒருத்தருக்காவது கன்னடமோ தெலுங்கோ தெரிஞ்சிருக்கணும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம்

ரெண்டு நாள், மூணு நாள் பயணம்னா எனக்குப் பிடிச்சது இது. ஜான் ஃபிளானகன் 1954-ல எழுதின முக்கிய நிகழ்வு முறை, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல விமானப் படை வேலைல இருந்து வந்தது. ‘உங்க டீம் எப்படி’ன்னு கேக்காம, ‘இன்னிக்கு டீமுக்கு உதவியா இருந்த ஒரு விஷயம், கெடுத்த ஒரு விஷயம், ரெண்டையும் சொல்லுங்க; யார் என்ன செஞ்சாங்க, அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு’ன்னு கேக்கறது. முதல் மாதிரி கேட்டா ‘சூப்பர் சார், ஃபேமிலி மாதிரி’ம்பாங்க. ரெண்டாவது மாதிரி கேட்டாதான் டென்ட் கட்டறப்ப யார் காணாமப் போனாங்கன்னு வரும்.

ஒவ்வொருத்தரும் தனியா போன்ல வாய்ஸ் ரெக்கார்டர்ல பேசி வைக்கட்டும், அப்புறம் வேணும்னா எல்லாரும் உக்காந்து பேசுங்க. வரிசையை மாத்தினீங்கன்னா போச்சு, லீடர் முதல்ல ஒரு கதை சொல்லுவான், மிச்ச ஏழு பேரும் அதே கதையைத்தான் சொல்லுவாங்க. அஞ்செட்டி தாண்டினா சிக்னலை நம்ப முடியாது, அதனால ஆன்லைன் ஃபார்ம், வாட்ஸ்அப் குரூப்புன்னு திட்டம் போடாதீங்க, போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு ரெக்கார்ட் மட்டும் பண்ணச் சொல்லுங்க, பவர் பேங்க் உங்க செலவுல எடுத்துட்டுப் போங்க.

இப்படி வர்ற பேச்சை எழுத்தாக்கறதுக்கு நேரம் பிடிக்கும், ஒரு மணி நேர ஆடியோவுக்கு நாலஞ்சு மணி நேரம்னு கணக்கு வைங்க, காத்து சத்தம் இருந்தா இன்னும் கூட. அதனால ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு எல்லை வைக்கறது உங்களுக்கும் நல்லது.

முன்னாடி, பின்னாடி அளக்கறவங்களுக்கு

கிளம்பறப்ப ஒரு தடவை, திரும்பறப்ப பஸ்லயே ஒரு தடவை ஃபார்ம் குடுத்துட்டு ‘டீம்வொர்க் கூடிடுச்சு’ன்னு எழுதறது ரொம்ப சுலபம், ரொம்ப பலவீனமும் கூட. திரும்பற பஸ்ல பாட்டு ஓடிட்டு இருக்கும், அந்த மூட்ல எதைக் கேட்டாலும் 5 போடுவாங்க. ஒரு மாசம் கழிச்சு மூணாவது தடவை குடுங்க, அதுலயும் நின்னா அப்ப பேசலாம். போகாத ஒரு குழுவுக்கும், அதே டிபார்ட்மென்ட்ல இன்னொரு செக்ஷனா இருந்தாலும் பரவால்ல, அதே ஃபார்மை அதே தேதில குடுத்து வைங்க.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் நடக்கும். போறதுக்கு முன்னாடி ‘நான் அடுத்தவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேப்பேன்’னு 5 போட்டவன், மூணு நாள் கழிச்சு தன்னைப் பத்தி உண்மை தெரிஞ்சு 3 போடுவான். அவன் கெட்டுப் போகல, அளவுகோல்தான் மாறிடுச்சு. அதனால கடைசி ஃபார்ம்ல ‘இப்ப யோசிச்சா, கிளம்பறப்ப நீங்க எப்படி இருந்தீங்க’ன்னு அதே கேள்வியைச் சேத்துக் கேளுங்க. அதுலயும் ஞாபகக் கோளாறு உண்டு, ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சா விஷயம் புரியும்.

ஒரு குழு எப்படி வளருதுன்னு டக்மேன் 1965-ல சொன்ன நாலு கட்டம், கூடறது, மோதறது, ஒத்துப் போறது, வேலை ஓடறது, இதை ஒரு நாள் ட்ரெக்ல நிரூபிக்கறேன்னு மட்டும் கிளம்பாதீங்க. அவர் ஐம்பது கட்டுரைகளைப் படிச்சு தொகுத்ததுதான் அது, அதுல பெரும்பாலானது சிகிச்சைக் குழு, பயிற்சிக் குழு பத்தினது. காலைல ஏறி மதியம் இறங்கற டீம்ல நாலு கட்டமும் வரிசையா தெரியணும்னு தேடினா தெரியத்தான் செய்யும், அதுதான் ஆபத்து.

உறவு வரைபடம் பத்தி ரெண்டே வரி. ‘அடுத்த தடவை டென்ட்டை யாரோட பகிர்ந்துக்குவீங்க, வழி தப்பினா யாரை நம்புவீங்க’ன்னு தனித்தனிச் சீட்டுல கேட்டு அம்புக்குறி போட்டு வரையறது, மொரீனோ 1930-கள்ல ஆரம்பிச்சு வச்சது. ரெண்டு கேள்விக்கும் படம் வேற வேறயா வரும், அதுதான் சுவாரசியம், ஆனா யாருமே பேர் எழுதாத ஒரு ஆள் அதுல இருப்பாங்க, அந்தப் படத்தை டீம்கிட்ட காட்டவே காட்டாதீங்க.

மலை ஏறாமலும் பண்ணலாம்

காடு போக முடியாத சூழ்நிலை உள்ளவங்க, முக்கியமா வீட்டுல அனுப்ப மாட்டாங்கங்கற பொண்ணுங்க, தலைப்பை விட்டுட வேணாம். இமயமலைப் பயணங்களைப் பத்தி எலிசபெத் ஹாலின்னு ஒரு பத்திரிகையாளர் காத்மாண்டுல இருந்துக்கிட்டு பல வருஷமா பதிவு பண்ணி வச்சாங்க, 2018-ல இறந்துட்டாங்க, அந்தத் தொகுப்பு இன்னிக்கும் ஆராய்ச்சிக்கு உதவுது. 2015-ல அனிசிச், ஸ்வாப், கலின்ஸ்கி மூணு பேரும் 5,104 பயணம், 56 நாட்டைச் சேர்ந்த 30,625 பேர் விவரத்தை வச்சுப் பாத்தாங்க. மேல இருக்கறவர் சொன்னா கேக்கணுங்கற பண்பாடு வலுவா இருக்கற நாட்டு டீம்கள்ல உச்சிக்குப் போனவங்களும் அதிகம், செத்தவங்களும் அதிகம். தனியா ஏறினவங்ககிட்ட இந்த வித்தியாசம் இல்ல, அதனால இது குழுவுக்குள்ள நடக்கற விஷயம்னு சொல்ல முடிஞ்சுது. எவ்வளவு அழகான யோசனை பாருங்க, மலையில காலே வைக்க வேணாம். ஆனா ‘ஏன்’ங்கறதுக்கு அந்த டேட்டாவுல பதில் முழுசா இருக்காது, உச்சிக்குக் கிட்ட யார் யார்கிட்ட வாயைத் திறக்க பயந்தாங்கன்னு எந்தப் பதிவுலயும் எழுதி இருக்காது. நம்ம அளவுல என்சிசி, என்எஸ்எஸ் முகாம் பதிவேடு எல்லாம் காலேஜ்ல தூங்கிட்டு இருக்கும், கேட்டுப் பாருங்க.

பர்மிஷன்

இதை கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க. 2018 மார்ச்ல குரங்கணி தீ விபத்துக்கு அப்புறம் ட்ரெக்கிங் விதிமுறை எல்லாம் இறுகிடுச்சு. மேலகிரி காட்டுல பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்கள்ல வருது. சரணாலயத்துக்குள்ள ஆராய்ச்சின்னா 1972 வனவிலங்குச் சட்டப்படி தலைமை வனவிலங்குப் பாதுகாவலர் அனுமதி வரைக்கும் போகணும், அதுக்கு ப்ராஜெக்ட் டைம் பத்தாது. 2024-ல அரசு 40 ரூட்டோட ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு திட்டத்துல ஆன்லைன்ல புக் பண்ணலாம், கிருஷ்ணகிரி மாவட்டத்துலயும் இருக்கு, கைடோட போற அந்த மாதிரி ரூட்ல போற டீமைப் பாக்கறது லேசு, ஆனா அங்கயும் நீங்க ஆராய்ச்சிக்கு வர்றீங்கன்னு டிஎஃப்ஓ (மாவட்ட வன அலுவலர்) ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டுப் போறதுதான் மரியாதை. சித்தேரி, வத்தல்மலை மாதிரி மக்கள் குடியிருக்கற மலைன்னா ஊர்ல பெரியவங்ககிட்ட பேசிட்டுப் போங்க.

டீம் ஆட்கள்கிட்ட வாங்கற ஒப்புதல்ல ஒண்ணு தெளிவா எழுதுங்க: எப்ப வேணாலும் ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொல்லலாம், அதுக்காக இன்டர்னல் மார்க்ல ஒண்ணும் குறையாது. லெக்சரரே டீம் லீடரா வந்தா இது ரொம்ப முக்கியம். ரிப்போர்ட்ல பேரை மாத்தினா மட்டும் போதாது, எட்டு பேர்ல ஒரே பொண்ணுன்னா ‘ஒரு பெண் உறுப்பினர்’னு எழுதினாலே யார்னு ஊருக்கே தெரிஞ்சுடும்.

எத்தனை மெத்தட் சேக்கலாம்னு கேட்டா, ஒரு ஆள் ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு. நடக்கறப்ப ஒண்ணு, முடிஞ்சப்புறம் ஒண்ணு. கூட நடந்து குறிக்கறது ப்ளஸ் பேட்டி நல்ல ஜோடி, 10:43-ல நடந்ததை எடுத்து வச்சு அந்தப் பொண்ணுகிட்டயும் லீடர்கிட்டயும் தனித்தனியா கேக்கலாம். ட்ரோன், மார்புல மாட்டற கேமரா எல்லாம் ஆசையாத்தான் இருக்கும், மூணு நாள் வீடியோவை உக்காந்து பாக்கறவர் யாருன்னு யோசிங்க.

நிஜப் பயணத்துக்கு முன்னாடி கிருஷ்ணகிரி கோட்டை மாதிரி அரை நாள் ஏத்தத்துல ஃப்ரெண்ட்ஸை வச்சு ஷீட்டை ஓட்டிப் பாருங்க. பேனா வேர்வைல நழுவுதா, கட்டம் சின்னதா இருக்கா, ஏறிக்கிட்டே எழுத முடியுதான்னு அங்கதான் தெரியும். ஒகேனக்கல் திட்டம்னா காவிரித் தண்ணியை அளக்கற பிலிகுண்டுலுல எத்தனை கன அடி வருதுன்னு முந்தின நாள் செய்தி பாத்துட்டுக் கிளம்புங்க, தண்ணி கூடினா பரிசல் ஓட்டத் தடை போட்டுடுவாங்க. கரைக்கு வந்தப்புறம் தடைன்னு தெரிஞ்சாலும் உடனே மூட்டை கட்டாதீங்க, இப்ப என்ன பண்றதுன்னு டீம் கூடி நிக்கும், யார் வீட்டுக்குப் போலாங்கறா, யார் வேற ஐடியா சொல்றா, யார் மீன் வறுவல் கடையைப் பாத்து நழுவறான்னு எல்லாம் அங்கயே நடக்கும். அதுக்குன்னு ரெண்டு காலி ஷீட் எக்ஸ்ட்ராவா பையில இருக்கட்டும்.